தலைச் சாயம் சொதப்பிவிட்டதா? முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்!

அன்று திங்கட்கிழமை. கிளினிக் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் தலையைச் சுற்றி முந்தானையை இறுக்கிப் போர்த்தியிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மெதுவாக விலக்கினார்.

காதோரமும் வகிடும் பழுத்த ஆரஞ்சுப் பழம்போலப் பளபளத்தன. பின்பக்கம் பழைய டையின் கறுப்பு. நடுவில் திட்டுத் திட்டாகச் செம்பட்டை. மூன்று பேருடைய முடியை ஒரே தலையில் ஒட்டவைத்த மாதிரி இருந்தது!

"வர்ற வியாழக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம் டாக்டரம்மா. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி இந்தத் தலையோட எப்படி நிப்பேன்?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. வயது 48. பள்ளிக்கூட ஆசிரியை.

கைப்பையிலிருந்து ஒரு டைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை மேலே அடிச்சு எல்லாத்தையும் கறுப்பாக்கிடலாம்னு வாங்கிட்டேன். நேத்து ராத்திரியே போட்டிருப்பேன். இவர்தான், 'டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடு'ன்னு தடுத்துட்டார்."

அந்த மனிதருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஏன் என்கிறீர்களா? விசாரித்தபோது வந்த கதை இதுதான்.

பல வருடங்களாக இவர் பெட்டி டை போட்டு வந்திருக்கிறார். போன தடவை போட்ட மறுநாள் காதுக்குப் பின்னால் ஒரே அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். நாலைந்து நாளில் அடங்கிவிட்டது. 'இனிமேல் கெமிக்கலே வேண்டாம்' என்று மருதாணிக்கு மாறினார். சனிக்கிழமை மருதாணி போட்டதில் நரைமுடி எல்லாம் ஆரஞ்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யாரோ சொல்லி, நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி வாங்கிப் போட்டார். நிறம் துளிகூட மாறவில்லை. கடைசியில் பழைய டைக்கே திரும்பத் தயாராகிவிட்டார்!

எந்த டை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ, அதே டைக்கு! போட்டிருந்தால் வியாழக்கிழமை தலைமுடி கறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல், நிச்சயதார்த்தத்துக்குப் பதில் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறம் கெட்டால் காத்திருங்கள். தோல் கெட்டால் காத்திருக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் அன்று ராத்திரியே இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். அரிப்பு வந்தாலோ, 'தானா சரியாகும்' என்று நாலு நாள் தள்ளிப் போடுகிறார்கள்!

சாயம் எப்படி ஒட்டுகிறது?

கடையில் பெட்டியில் வரும் நிரந்தர டையில் பெரும்பாலும் மூன்று சரக்கு உண்டு. ஒன்று, அம்மோனியா அல்லது அதுபோன்ற காரம். இது முடியின் மேல்தோலை ஓட்டுக்கூரையின் ஓடுகளைத் தூக்குவதுபோலத் தூக்கிவிடும். இரண்டு, பாரா ஃபெனிலின் டையமின் என்ற சாயச் சரக்கு. சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். மூன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு. திறந்த வழியாக பி.பி.டி. உள்ளே நுழைகிறது. பெராக்சைடு அதைப் பெரிய நிறப்பொருளாக மாற்றிவிடுகிறது. நுழைந்த வழியாக அதனால் வெளியே வர முடியாது. அதனால்தான் பத்து தடவை தேய்த்துக் குளித்தாலும் டை முழுதாகப் போவதில்லை.

மருதாணி வேறு ரகம். அதன் இலையில் உள்ள லாசோன் என்ற செந்நிறப் பொருள், முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு முடியில் லேசான செம்மைதான் தெரியும். வெள்ளை முடியில் அப்பட்டமாக ஆரஞ்சு தெரியும். இது மருதாணியின் குற்றம் இல்லை, அதன் குணமே அதுதான். போட்ட அன்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, இரண்டு நாளில் தானாகவே ஒரு படி மங்கிச் செம்பழுப்பாகும். உள்ளங்கையில் வைத்த மருதாணி மறுநாள் அடர்ந்து சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோமே, அதே சங்கதிதான்.

நான் செய்த தவறு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, தொழிலுக்கு வந்த புதிது. பக்கத்து வீட்டு மதினி ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். மேலே பச்சைப் பசேலென்று மருதாணி இலைப் படம். 'கறுப்பு மருதாணி' என்று பெயர். "போடலாமா?" என்று கேட்டார். "மருதாணிதானே மதினி, தாராளமா போடுங்க!" என்றேன். பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மதினிக்கு இரண்டு கண்ணும் மூடிப்போகிற அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. நெற்றி ஓரம் முழுக்க நீர் வடிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தோம். பிழைத்து வந்தார். அதன்பின் அந்த பாக்கெட்டை எடுத்துப் படித்தேன். பொடி எழுத்தில் பி.பி.டி. என்று அச்சிட்டிருந்தது! மதினி என்னைத் திட்டவில்லை. "நீ என்னம்மா செய்வே" என்றார். அந்த வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அன்றிலிருந்து பாக்கெட்டைப் படிக்காமல் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'ஹெர்பல்', 'மூலிகை', 'அமோனியா இல்லாதது' என்ற வார்த்தைகளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அமோனியா இல்லாத டையிலும் பி.பி.டி. இருக்கலாம். எளிய அடையாளம் ஒன்று சொல்கிறேன். சுத்தமான மருதாணி எந்தக் காலத்திலும் கறுப்பாகப் பிடிக்காது. 'அரை மணி நேரத்தில் கருகரு கூந்தல்' என்று ஒரு மருதாணிப் பொடி சொன்னால், உள்ளே மருதாணி மட்டும் இல்லை என்று அர்த்தம்.

எது எப்படிக் கெட்டது? என்ன செய்யலாம்?

நரை ஆரஞ்சாகிவிட்டது: அதிகம் பேர் கொண்டுவரும் புகார் இதுதான். வெள்ளை வேட்டி மஞ்சளித்தால் என்ன செய்கிறோம்? சொட்டு நீலம் போடுகிறோம். ஒரு நிறத்தை அதன் எதிர் நிறம் அடக்கும். ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம். (அதற்காகச் சொட்டு நீலத்தைத் தலையில் ஊற்றிவிடாதீர்கள்!) தலைக்கு ஏற்ற நீலம், நீலி எனப்படும் நீல அவுரி இலையில் இருக்கிறது. ஆரஞ்சின்மேல் இந்த நீலம் ஏறும்போது அடர்ந்த பழுப்போ, பழுப்பு கலந்த கறுப்போ கிடைக்கும். செய்முறையைக் கீழே தருகிறேன்.

பச்சையோ நீலமோ அடிக்கிறது: மருதாணி போடாமல் நீலிப் பொடியை மட்டும் வெள்ளை முடியில் போட்டால் இப்படி ஆகும். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பிறகும் போகவில்லை என்றால், ஊறவைத்த மருதாணியை ஒரு மணி நேரம் போட்டு அலசுங்கள். பச்சை அடங்கும்.

கரிக்கட்டை மாதிரி கறுத்துவிட்டது: டையின்மேல் வெளிர் நிற டையைப் போட்டால் கறுப்பு வெளிறாது. சாயம் சாயத்தைத் தூக்காது. தோலில் எரிச்சல், அரிப்பு எதுவும் இல்லாவிட்டால், நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறி, ஷாம்பு போட்டு அலசுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று தடவை செய்தால், முதல் நாள் இருந்த 'விக்' வைத்த தோற்றம் ஓரளவு இறங்கும். மீதியை நாள்தான் இறக்கும்.

வேர் ஒரு நிறம், நுனி ஒரு நிறம்: ஒவ்வொரு தடவையும் முழு முடிக்கும் டை போடுவதால் வருவது இது. நுனியில் சாயம்மேல் சாயமாக ஏறிக் கறுத்துவிடும். புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் தனியாகத் தெரியும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அடுத்த தடவை அந்த அளவுக்கு மட்டும் பூசுங்கள். திட்டுத் திட்டாக விட்டுப்போயிருந்தால் அந்தத் திட்டுக்கு மட்டும் போதும்.

முடி தென்னந்தும்பு மாதிரி ஆகிவிட்டது: இதில் நான் ஆசை வார்த்தை சொல்ல மாட்டேன். தலைக்கு வெளியே இருக்கும் முடிக்கு உயிர் கிடையாது. உடைந்த முடியை எந்தத் தைலமும் ஒட்டவைக்காது. நுனியை வெட்டிவிடுங்கள். தலைத்தோலில் புண் இல்லை என்றால், வாரம் இரண்டு நாள் ஊறவைத்து அரைத்த வெந்தயமோ, செம்பருத்தி இலை மசியலோ தேய்த்து அலசுங்கள். முடி மென்மையாகும், சிக்கு விழாது. புது முடி வளரும்வரை அது தாங்கும்.

நெற்றியிலும் காதிலும் கறை: எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். மிச்சம் இருப்பது சில நாளில் தோலோடு உதிர்ந்துவிடும். மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். அடுத்த தடவை டை போடும் முன்பே முடி எல்லையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது.

எலுமிச்சையைப் பிழிந்து வெயிலில் நிற்பது, ஆப்ப சோடாவைக் குழைத்துத் தேய்ப்பது என்றெல்லாம் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறதே என்பீர்கள். ஏற்கெனவே டையின் காரத்தில் நொந்துபோன முடிக்கும் தோலுக்கும் இவை மேலும் ஒரு அடி. வேண்டாம்.

நீலி போடும் முறை

மருதாணி: தோள்வரை முடி உள்ளவர்களுக்குச் சுமார் 100 கிராம் பொடி. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, தேயிலை டிகாக்ஷனில் குழைத்து, இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பூசி இரண்டு மணி நேரம் வைத்திருந்து, வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு, சீயக்காய் கூடாது. மருதாணி ஏற்கெனவே போட்டு ஆரஞ்சாகி நிற்பவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை.

நீலி: மறுநாள் முடியில் எண்ணெய்ப் பசை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே அளவு நீலிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் குழையுங்கள். எலுமிச்சை, தயிர், டிகாக்ஷன் எதுவும் சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் நிறம் ஏறாது. பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து உடனே பூசிவிடுங்கள். நேரம் ஆனால் வீரியம் போய்விடும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். அன்றைக்குப் பச்சை அடித்தால் பயப்படாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் காற்றுப் பட்டுக் கறுக்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம்.

சைனஸ், இளைப்பு உள்ளவர்கள் ஈரத் தலையோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் போட்டு, சீக்கிரம் அலசிவிடுங்கள். கைக்குழந்தைக்கு மருதாணி வேண்டவே வேண்டாம். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

எங்கள் பக்கத்து 'அவுரி'க் குழப்பம்

ஆசிரியை அம்மா போட்ட அவுரி ஏன் வேலை செய்யவில்லை? மிச்சப் பொடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அது நீலியே இல்லை, நிலாவரை! திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் விவசாயிகளும் கடைக்காரர்களும் 'அவுரி' என்று சொல்வது பெரும்பாலும் பேதிக்குக் கொடுக்கும் நிலாவரையைத்தான். இங்கிருந்து வெளிநாட்டுக்கெல்லாம் ஏற்றுமதியாகும் சரக்கு அது. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து, நரையைக் கறுப்பாக்காது. அதனால் கடையில் வெறுமனே 'அவுரி' என்று கேட்காதீர்கள். "சாயத்துக்குப் போடும் நீலி, நீல அவுரி" என்று கேளுங்கள். வீட்டில் ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் குழைத்து வைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் மேற்பரப்பில் நீலம் ஓடினால் அது நீலி. ஓடாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே காத்திருக்காதீர்கள்!

டை போட்டதும் எரிச்சல், அரிப்பு தெரிந்தால் 'இன்னும் பத்து நிமிஷம்தானே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் டாக்டரைப் பாருங்கள். முகம், உதடு, தொண்டை வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

பி.பி.டி. ஒவ்வாமைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது போட்ட உடனேயே வராமல், ஒன்று முதல் மூன்று நாள் கழித்தும் வரும். அதனால்தான் நிறம் கெட்ட அன்றைக்கே இன்னொரு டை போடாதீர்கள் என்கிறேன். முதல் டை ஒத்துக்கொண்டதா என்பதே அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்காது! இரண்டு மூன்று வாரமாவது போகட்டும்.

ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரும். அப்படிப்பட்டவர்கள் 'கொஞ்சமா போட்டுப் பார்க்கலாமே' என்று வீட்டில் சோதனைகூடச் செய்யக் கூடாது. தோல் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சித்த வைத்தியம் படித்த நானே சொல்கிறேன், கொப்புளமும் நீரும் வடியும்போது வேப்பிலை, மஞ்சள், கற்றாழை என்று எதையும் அரைத்துப் பூசாதீர்கள். வெந்த தோலுக்கு அதுவும் பாரம்தான்.

மற்றவர்கள், பல வருடம் போட்டுப் பழகியிருந்தாலும், ஒவ்வொரு தடவையும் பெட்டியில் சொல்லியபடி காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ துளி தடவி, 48 மணி நேரம் பாருங்கள். நீலிக்கும் இதையே செய்யுங்கள். டைப் பெட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பி.பி.டி. உள்ள டை வாய்க்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகம் கெடும், உயிருக்கே ஆபத்து.

கேட்கிறார்கள்... சொல்கிறேன்

"பியூட்டி பார்லரில் போய்ச் சரிசெய்துகொள்ளலாமா?"

செய்துகொள்ளலாம். ஆனால் வீட்டில் என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். சில கலப்பு மருதாணிப் பொடிகளில் உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். அதன்மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் பொசுங்கி ஒடியும். சீப்பில் வந்த முடியைச் சேர்த்துவைத்து, முதலில் அதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"என் வீட்டுக்காரர் மீசைக்குப் போட்ட மிச்சத்தைப் புருவத்துக்கும் இழுத்துவிடுகிறார். பரவாயில்லையா?"

கூடவே கூடாது! புருவத்துக்கும் இமைக்கும் போட்டால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கை டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அமெரிக்காவில் 1930-களில் இமைக்கு இந்த வகைச் சாயம் போட்டுக் கண் பறிபோனவர்கள் உண்டு.

"இந்த இயற்கைச் சாயத்தில் டை மாதிரி கறுப்பு வருமா?"

வராது. அடர்ந்த பழுப்பு வரும். மூன்று நான்கு வாரத்தில் வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும். இதற்குச் சம்மதம் என்றால் இறங்குங்கள்.

ஆசிரியை அம்மா என்ன ஆனார்?

டைப் பெட்டியை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை சரியான நீலியை, முதலில் முழங்கையில் துளி தடவிப் பார்க்கச் சொன்னேன். முழுதாக 48 மணி நேரம் காத்திருக்க அவகாசம் இல்லை. "அப்போ நிச்சயதார்த்தத்துக்கு ஆரஞ்சுத் தலையோட நின்னாலும் பரவாயில்லைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்மா, அன்னைக்குப் பூ வெச்சு, முந்தானையை இழுத்துவிட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமை போட்டுக்கலாம்" என்றேன். முகம் வாடித்தான் போனார். ஆனாலும் சொன்னபடி கேட்டார்.

அடுத்த வாரம் தாம்பூலப் பையோடு வந்தார். முடி காப்பிப்பொடி நிறத்தில் ஒரே சீராக இருந்தது. "நிச்சயதார்த்தத்தன்னைக்கு எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சம்பந்தியம்மா வகிட்டைப் பார்த்துட்டு, 'மருதாணியா?'ன்னு கேட்டாங்க. 'ஆமா'ன்னேன். 'எனக்கும் டை ஒத்துக்க மாட்டேங்குது, என்ன போடுறதுன்னு தெரியலை'ன்னாங்க. அவங்களுக்கும் சேர்த்து அந்த முறையை எழுதிக் கொடுங்க டாக்டரம்மா!"

எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.